பெயர் மாற்றிய கப்பலும் பெயர் மாற்றிய நெறிகளும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெயர் மாற்றம் என்பது இவ்வவைக்குப் புதிய செய்தியன்று. வேதாசலம் மறைமலையான நாள்தொட்டு, எத்தனையோ பேர் தத்தம் பெயர்மேற் கிடந்த அயற்போர்வையைக் களைந்துவிட்டுத் தமிழ்ப்பெயர் சூடிக்கொண்டனர். உள்ளதை உள்ளவாறு காட்டுதற்குச் செய்யும் பெயர்மாற்றம் அது. உள்ளதைப் புதைத்தற்கென்றே செய்யும் பெயர்மாற்றமும் உலகில் உண்டு. செய்த கேடு பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, கேட்டைக் கழுவுவதினும் பெயரைக் கழுவுவது எளிது, செலவும் குறைவு.

அமெரிக்க ஒன்றிய நாட்டில் 1989-ஆம் ஆண்டு தோன்றிய ஒரு வணிகக் கூட்டமைவின் வரலாறே இன்றைய பொருள். இயற்கையைக் கெடுக்காமல் தொழில் நடத்துவோம் என்று நிறுமங்களை, அஃதாவது கும்பனிகள் என்று மக்கள் வழங்கும் பெருந்தொழில் அமைப்புகளை, உறுதிகூறச் செய்வதற்காக எழுந்தது அக் கூட்டமைவு. அதன் பெயர் சீரீசு. அது பிறந்த கதையில் ஒரு கப்பல் இருக்கிறது. கப்பலுக்கும் பெயர் மாறியது. கப்பலால் பிறந்த நெறிகளுக்கும் பெயர் மாறியது. இரண்டும் வேறுவேறு கைகளால் வேறுவேறு நோக்கத்தோடு நடந்தவை என்பது மெய்தான். எனினும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தக்கவை.

1989 மார்ச்சு 24, பெரிய வெள்ளிக்கிழமை. நள்ளிரவு கடந்து சில மணித்துளிகளே ஆகியிருந்தன. அலாசுக்காவின் பிரின்சு வில்லியம் கடற்குடாவில் 'எக்சான் வால்டெசு' என்னும் எண்ணெய்க் கப்பல் பிளை என்னும் பாறைத்திட்டில் மோதிற்று. வால்டெசு என்பது அக்குடாவின் கரையில் உள்ள சிற்றூர். வடகோடியிலிருந்து குழாய்வழி வரும் கல்லெண்ணெயைக் கப்பலில் ஏற்றும் துறை அது. கப்பலின் அடிப்புறம் ஒற்றைத் தகட்டால் ஆனது. தகடு கிழிந்தது, 4 கோடி இலிட்டருக்கும் மேற்பட்ட கல்லெண்ணெய் கடலிற் கலந்தது. ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் கரை எண்ணெய்ப் பிசுக்கால் மூடுண்டது. இரண்டரை இலக்கம் கடற்பறவைகளும், 2,800 கடல்நீர்நாய்களும், 250 வெண்டலைக் கழுகுகளும் மாண்டிருக்கலாம் என்பது பின்னர் ஆய்ந்தோர் போட்ட மதிப்பு. எண்ணெய் தோய்ந்த இறகோடு ஒரு பறவை எழமுடியாமற் கிடக்கும் படத்தை உலகத்துத் தாளிகைகள் எல்லாம் வெளியிட்டன. ஏரிங்கு என்னும் சிறுமீன் அக்குடாவின் உணவுக்கு அடித்தளம் போன்றது. நான்காண்டு கழித்து, 1993-இல், அம்மீன்வளம் அடியோடு சரிந்தது. எண்ணெய்தான் முழுக் கரணியமா என்று அறிவியலாளர் இன்றளவும் வழக்காடுகின்றனர். மீனவர் வலை மட்டும் வெறிதாய்ப் போனது.

கப்பல் என்னாயிற்று? இழுத்துச் சென்று செப்பனிட்டனர். மறு ஆண்டே அதற்கு 'எக்சான் நடுநிலக்கடல்' என்று பொருள்படும் பெயர் வந்தது. பிறகு எக்சான் என்னும் முன்னொட்டும் நீங்கி வேறொரு துணை நிறுமத்தின் பெயர் முன்னே வந்தது. பிறகு வெறும் 'நடுநிலக்கடல்'. பிறகு கைமாறி, கனிமண் ஏற்றும் கப்பலாகி, 'தோங் பாங்கு ஓசன்' என்னும் பெயர். ஈற்றில் 'ஓரியண்டல் நைசிட்டி' என்னும் பெயர். அப்பெயரோடு 2012-இல் குசராத்துக் கடற்கரையில் அலாங்கு என்னும் கப்பலுடைக்கும் துறைக்கு வந்தது. இந்திய நாட்டின் தலைமை வழக்குமன்றம் இசைவளித்த பின்னர், கூலியாட்கள் அதனை இரும்புத் துண்டுகளாக அறுத்தனர். அலாசுக்காவின் கடலைக் கருப்பாக்கிய கப்பல் அது என்பது அக்கூலியாட்களுக்கு யார் சொல்லியிருப்பார்? பெயர் சொல்லவில்லை.

நெறிகளின் கதைக்கு வருவோம். அதற்குமுன் ஒருவரை அறிந்துகொள்ள வேண்டும்.

பிலடெல்பியா நகரத்துக் கறுப்பினக் கிறித்தவ ஊழியர் இலியோன் சல்லிவன். 1971-இல் செனரல் மோட்டார்சு என்னும் பேருந்துவண்டி நிறுமத்தின் ஆளுமைக்குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் வெள்ளை அரசு நிறவெறியைச் சட்டமாக்கி வைத்திருந்தது. அமெரிக்க நிறுமங்களோ அங்குத் தொழில் நடத்திப் பொருளீட்டிக்கொண்டிருந்தன. வேலைத்தளத்தில் நிறவேற்றுமை கூடாது, ஒத்த வேலைக்கு ஒத்த கூலி வேண்டும் என்றாற்போன்ற நெறிகளை வகுத்து 1977-இல் சல்லிவன் வெளியிட்டார். நிறுமங்கள் கையொப்பம் இட்டன. கையொப்பமிட்டோர் தொகை பெருகிற்று. நிறவெறி அரசோ அசையவில்லை. பத்தாண்டு பொறுத்துப் பார்த்த சல்லிவன், 1987-இல் தம் நெறிகள் போதா என்று தாமே அறிவித்து, நிறுமங்கள் அனைத்தும் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றார். தாம் நட்ட மரம் காய்க்கவில்லை என்று தாமே ஊரறியச் சொன்ன நேர்மை பெரிது. கையொப்பம் ஒன்றே கொடுமையைத் தடுக்காது என்னும் பாடம் அப்பொழுதே எழுதப்பட்டுவிட்டது.

வால்டெசு கேடு நிகழ்ந்தபோது, பாசுடன் நகரில் சோன் பவேரியா என்னும் அம்மையார் பிறர் பணத்தை முதலீடு செய்துதரும் தொழிலை நடத்திவந்தார். ஓவியக் கல்வி பயின்றவர்; வைப்பகத்தில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர்; 1982-இல் தமக்கெனத் தனி அமைப்பு தொடங்கியவர். பணத்தை எங்கே போட்டால் மிகுதியாகத் திரும்பும் என்பதோடு, அப்பணம் அங்கே என்ன செய்கிறது என்றும் வினவ வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்வினாவை எழுப்ப வல்லோர் யார்? பங்குடையோர். ஒரு நிறுமத்தின் பங்கை வாங்கியவர், எத்துணைச் சிறு பங்காயினும், அந்நிறுமத்தின் உடைமையாளருள் ஒருவர். ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொணரலாம். வாக்கு என்று மக்கள் சொல்லும் ஒப்போலை இடலாம். கிறித்தவத் திருக்கூட்டங்களின் வைப்புப்பணமும், ஆசிரியர், அரசூழியர் ஆகியோரின் ஓய்வூதியப் பணமும் பெருநிறுமங்களின் பங்குகளிலேயே கிடந்தன. 1970-களின் தொடக்கத்திலிருந்தே கிறித்தவ அமைப்புகள் தென்னாப்பிரிக்கா குறித்துத் தீர்மானங்கள் கொணர்ந்து பழகியிருந்தன. அந்தப் பழக்கத்தைக் கடலுக்கும் காட்டுக்கும் திருப்பினார் பவேரியா.

முதலீட்டாளர், இயற்கை காக்கும் அமைப்புகள், திருக்கூட்டத்தார் என்று பலரும் சேர்ந்து கூட்டமைவை உருவாக்கினர். 1989 செப்டம்பரில் பத்து நெறிகள் வெளியாயின. அவற்றுக்கு இட்ட பெயர் 'வால்டெசு நெறிகள்'.

பெயரிட்டவரின் துணிவைப் பாருங்கள்! கையொப்பமிடும் ஒவ்வொரு நிறுமமும் அந்தக் கடலின் பெயரைச் சொல்லியே கையொப்பமிட வேண்டும். இழவு நடந்த வீட்டின் திண்ணையிலேயே உறுதி எழுதி வாங்குவது போன்றது அது.

கூட்டமைவின் பெயரோ வேறு. 'சூழல் பொறுப்புடைய பொருளியல்களுக்கான கூட்டமைவு' என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்தால் சீரீசு என்று வரும். சீரீசு என்பவள் பண்டை உரோமர் வணங்கிய கூலத் தெய்வம், விளைச்சலுக்கு உரியவள். விளைச்சலின் பெயர் கூட்டமைவுக்கு. கேட்டின் பெயர் நெறிகளுக்கு. இவ்விரண்டும் எதிரெதிராய் நின்றமை ஓர் அழகு. அவ்வழகு நீடிக்கவில்லை.

இக்கூட்டமைவார் பேசிய 'நிலைப்பேறு' என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். தமிழில் இதற்கு நிலைத்த, நீடித்த, பேண்தகு என்று பல சொற்கள் ஓடுகின்றன. கருத்து புதிதன்று. 1713-இல் செருமானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியில் சுரங்கத்துறை அலுவலராயிருந்த ஆன்சு காரல் பான் காரலோவிட்சு, வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உருக்கு உலைகளுக்கும் மரம் வெட்டிக் காடு மொட்டையாவதைக் கண்டு நூல் எழுதினார். வளர்கிற அளவுக்கே வெட்டு என்பது அதன் சாறு. விதைநெல்லைக் குற்றிச் சோறாக்காத உழவனுக்கு இதனைக் கற்பிக்க வேண்டா. 1987-இல் நார்வே நாட்டின் தலைமை அமைச்சர் புருண்ட்லாண்டு அம்மையார் தலைமையில் ஒன்றிய நாடுகள் அவையின் குழு வெளியிட்ட அறிக்கை, வரும் தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சி என்று அதற்கு விளக்கம் தந்து உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் நிலைத்திருக்க வேண்டுவது எது? காடா, கடலா, வளர்ச்சியா, நிறுமத்தின் ஈட்டமா? சொல்லுக்குள் அதற்கு விடை இல்லை. நிறுமங்கள் பலவும் அச்சொல்லை விரும்பித் தழுவிக்கொண்டமைக்கு அதுவே கரணியம் போலும்.

பத்து நெறிகள் யாவை? உயிர்மண்டலத்தைக் காத்தல், இயற்கை வளத்தை அளவறிந்து பயன்படுத்தல், கழிவைக் குறைத்தல், ஆற்றலைச் சிக்கனமாய்ச் செலவிடல், இடரைக் குறைத்தல், தீங்கற்ற பண்டம் விற்றல் என்று முதல் ஆறும் செல்லும். இவற்றை யாரும் மறுக்கார். வாயாற் சொல்வதில் இழப்பில்லை. பல்லிருந்தவை பின்னுள்ளவை. கேடு செய்தால் சூழலை முழுமையாக மீட்கவும், ஊறுபட்ட மக்களுக்கு இழப்பீடு தரவும் பொறுப்பேற்க வேண்டும் என்றது ஒரு நெறி. ஆளுமைக்குழுவில் ஒருவரேனும் சூழலின் சார்பாகப் பேசும் தகுதி பெற்றவராய் இருக்க வேண்டும் என்றது மற்றொன்று. இடர் உண்டாக்கும் நிகழ்ச்சிகளைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்றது இன்னொன்று. ஆண்டுதோறும் தன்னைத்தான் ஆய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும் என்றது பத்தாவது.

சிறு நிறுமங்கள் சில உடனே கையொப்பமிட்டன. செடிகொடிச் சாற்றில் ஒப்பனைப் பொருள் செய்யும் அவேடா அவற்றுள் முதலாவது. பெருநிறுமங்களோ அண்டவில்லை. அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கடலில் ஓட்டிக் கெடுத்த கப்பல் இல்லை. ஆயினும் 'வால்டெசு' என்னும் பெயரின்கீழ்க் கையொப்பமிட ஒருவர்க்கும் மனமில்லை. அப்பெயர் குற்ற ஒப்புதல் போல் ஒலிக்கிறது என்றனர். இழப்பீடு என்னும் சொல் வழக்குமன்றத்துக்கு இழுக்கும் என்றனர். ஆளுமைக்குழுவில் யாரை அமர்த்துவது என்று வெளியார் கூறலாமோ என்றனர். மூவாண்டுக்கு மேல் பெருநிறுமங்களின் முதல் ஐந்நூற்றுப் பட்டியலிலிருந்து ஒன்றேனும் முன்வரவில்லை.

கூட்டமைவு வளைந்து கொடுத்தது. 'வால்டெசு நெறிகள்' என்னும் பெயர் நீங்கி 'சீரீசு நெறிகள்' ஆயிற்று. பெயரோடு சொற்களும் மாறின. இழப்பீடு என்று தலைப்பிட்டிருந்த நெறி, சூழல் மீட்பு என்று தலைப்பு மாறியது. இயன்ற அளவு என்னும் சொற்கள் அதனுள் நுழைந்தன. ஆளுமைக்குழுவில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது, குழுவினரைத் தெரிவு செய்யும்போது சூழல் ஈடுபாட்டையும் கருதுவோம் என்று தேய்ந்தது. இந்நெறிகள் புதிய சட்டப்பொறுப்பு எதனையும் உண்டாக்கா என்று ஒரு காப்புரையும் அடியில் ஏறியது. 'தருவேன்' என்பதற்கும் 'தரக் கருதுவேன்' என்பதற்கும் உள்ள தொலைவை இலக்கணம் கற்ற சிறுவனும் அறிவான். முன்னதில் வினை இருக்கிறது; பின்னதில் எண்ணம் மட்டும் இருக்கிறது.

சொல்தானே, அதனால் என்ன என்று கேட்பாரும் உளர். அவர்கள் அலாசுக்கா மீனவரைக் கேட்கட்டும். 32,000-க்கும் மேற்பட்டோர் எக்சான்மேல் வழக்குத் தொடுத்தனர். 1994-இல் அறங்கூறு குழுவினர் 500 கோடி தாலர் ஒறுப்புத்தொகை விதித்தனர். எக்சான் மேன்முறையீட்டின்மேல் மேன்முறையீடு செய்தது. பதினான்கு ஆண்டு கழித்து, 2008-இல், அமெரிக்கத் தலைமை வழக்குமன்றம் அதனை ஏறத்தாழ 50 கோடி தாலராகக் குறைத்தது; பத்தில் ஒரு பங்கு! அதற்குள் வழக்காடியோருட் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர். இழப்பீடு என்னும் ஒரு சொல்லை நெறியிலிருந்து நீக்க நிறுமங்கள் ஏன் அத்துணை முயன்றன என்பதற்கு வேறு விளக்கவுரை வேண்டுமோ?

பெயர் மாறிய பின் கதவு திறந்தது. 1993-இல் சன் எண்ணெய் நிறுமம் கையொப்பமிட்டது. ஐந்நூற்றுப் பட்டியலில் அதுவே முதலாவது. எண்ணெய்க் கேட்டால் பிறந்த நெறிக்கு முதற் பெருங்கையொப்பம் ஓர் எண்ணெய் நிறுமத்தினது! 1994-இல் செனரல் மோட்டார்சு வந்தது. எக்சான் வரவே இல்லை.

செனரல் மோட்டார்சு வந்ததைப் பெருவெற்றியாகக் கொண்டாடினர். கொண்டாட்டத்தின் நடுவே ஒரு செய்தி மறந்துபோனது. சீரீசு பிறந்த அதே 1989-இல் அமெரிக்காவில் இன்னொரு வணிகக் கூட்டணியும் பிறந்தது. உலகத் தட்பவெப்பக் கூட்டணி என்று பெயர். பெயரைக் கேட்டால் தட்பவெப்பத்தைக் காக்க வந்தது போலிருக்கும். கரியமில வளியைக் குறைக்கும் எந்தக் கட்டாயச் சட்டமும் வாராமல் தடுப்பதே அதன் வேலை. புவி சூடேறுவதே ஐயத்துக்குரியது என்று பல்லாண்டு பரப்பிற்று. எக்சான் அதில் இருந்தது. செனரல் மோட்டார்சும் இருந்தது. ஒருகை சீரீசு ஏட்டில் கையொப்பமிட, மறுகை அங்கே உறுப்புக்கட்டணம் செலுத்தியது. இந்நிலை ஆறாண்டு நீடித்தது. பிரித்தானிய எண்ணெய் நிறுமம் 1997-க்குள் விலகி, செல்லு 1998-இல் விலகி, போர்டு 1999 முடிவில் விலகிய பின்னரே, 2000 மார்ச்சில் செனரல் மோட்டார்சு விலகிற்று. 2002-இல் அக்கூட்டணி கலைந்தது. சீரீசு தன் உறுப்பை நோக்கி, அங்கேயும் இங்கேயும் எப்படி இருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்டுத் தள்ளிவைத்திருக்க வேண்டும். அது செய்யவில்லை. கூட்டமைவின் வரலாற்றில் மன்னிக்கத் தகாத பகுதி இது.

இனி அதன் பெருமையையும் சொல்லாவிடில் முறையன்று. வளைந்து கொடுத்தபோது கூட்டமைவு ஒன்றைமட்டும் விடாது பற்றிக்கொண்டது. அது பத்தாவது நெறி, ஆண்டறிக்கை. நிறுமங்கள் வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன அல்லவா? அதுபோல் எத்துணை நீர் எடுத்தாய், எத்துணை நஞ்சு விட்டாய், எத்துணைக் கழிவு கொட்டினாய் என்பதற்கும் ஒரே வகையான கணக்கு வேண்டும். ஆளுக்கொரு முறையில் எழுதினால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. அழகான படங்களும் பசுமையான அட்டையும் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

இவ்வேலையை முன்னெடுத்தவர் இராபர்ட்டு மாசி. கிறித்தவ ஊழியர்; பிறவியிலேயே குருதி உறையா நோயுடையவர்; ஏற்றிய குருதிவழியே கொடிய நோய்த்தொற்றும் பெற்றவர். அமெரிக்கரும் தென்னாப்பிரிக்க நிறவெறியும் பற்றிப் பெருநூல் எழுதியவராதலின், சல்லிவன் நெறிகள் எங்கே வென்றன, எங்கே தோற்றன என்பதை ஆழக் கற்றவர். 1996-இல் சீரீசின் தலைமைப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு, தெல்லசு ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் வொயிட்டோடு சேர்ந்து உலகளாவிய அறிக்கை முயற்சியைத் தொடங்கினார். ஒன்றிய நாடுகள் அவையின் சூழல் அமைப்பும் துணை நின்றது. 2000-இல் முதல் வழிகாட்டி நூல் வந்தது. 2002-இல் அம்முயற்சி தனியமைப்பாகி ஆம்சுட்டர்டாமில் குடியேறியது. இன்று உலகில் ஆயிரக்கணக்கான நிறுமங்கள் அம்முறையைத் தழுவி அறிக்கை எழுதுகின்றன. இந்தக் கூட்டமைவு உலகுக்குத் தந்த கொடைகளுள் தலையாயது இதுவே. தன் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் பொதுவுக்கு விட்டுக்கொடுத்ததும் பாராட்டத் தக்கது.

2003-இல் மிண்டி இலப்பர் என்னும் அம்மையார் தலைமைக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஒன்றிய நாடுகள் அவையின் நியூயார்க்குத் தலைமையகத்தில் முதலீட்டாளர் கூடினர். தட்பவெப்ப மாற்றம் முதலுக்கே இடர் என்னும் கருத்து அங்கே உறுதிப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கும் ஆலைக்குக் கடன் கொடுப்பவன் எப்படிக் கணக்கிடுவான் என்பதே வினா. அறம் பற்றிப் பேசியபோது காதை மூடிக்கொண்டவர்கள், முதல் பற்றிப் பேசியபோது நிமிர்ந்து அமர்ந்தார்கள். இந்த இடரை நிறுமங்கள் மறையாது வெளியிடக் கட்டளையிடுமாறு 2007-இல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்கு விண்ணப்பம் கொடுத்தனர். 2010-இல் ஆணையம் அதற்கு வழிகாட்டுரை வெளியிட்டது.

2008 நவம்பரில் சோன் பவேரியா மறைந்தார். அதே திங்களில், சட்டம் இயற்றுவோரிடம் நேரே சென்று பேசுதற்கென நிறுமங்களின் கிளையொன்றைச் சீரீசு தொடங்கியது. நைக்கி, லெவி சிட்ராசு, சிட்டார்பக்சு, டிம்பர்லாண்டு, சன் மைக்ரோசிசுட்டம்சு என்னும் ஐந்தும் தொடக்க உறுப்புகள். காலணியும் காற்சட்டையும் காப்பிநீரும் விற்பவர்கள், எங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போடுங்கள் என்று கேட்டது புதுமைதான். 2009 சூன் 26-இல் பேராளர் அவையில் 219-க்கு 212 என்னும் நூலிழையில் ஒரு சட்ட வரைவு நிறைவேறியது. நாட்டு வணிகர் பேரவை அதனை எதிர்த்தது. ஆப்பிள் நிறுமம் அப்பேரவையை விட்டே வெளியேறியது. நைக்கியோ ஆளுமைக்குழு இருக்கையை மட்டும் துறந்து, உறுப்பாக நீடித்தது. ஒருகால் வெளியே, ஒருகால் உள்ளே! மேலவையில் அவ்வரைவு ஒப்போலைக்கே வராமல் 2010-இல் மடிந்தது.

2017 திசம்பரில் முதலீட்டாளர் பேரணி ஒன்று உருவானது. உலகில் மிகுதியாகக் கரிவளி வெளியிடும் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுமங்களைப் பங்குடையோர் சேர்ந்து வினவுவது அதன் நோக்கம். அதை நடத்தும் ஐந்து அமைப்புகளுள் சீரீசு ஒன்று. உலகின் மாபெரும் பண மேலாளர்கள் சேர்ந்தனர். கூட்டமைவின் ஆற்றல் உச்சிக்கு ஏறிய காலம் அது. எதிர்ப்பும் அதே அளவு ஏறியது. இவ்வாறு கூடிப் பேசுவது போட்டிச் சட்டத்துக்கு மாறான கூட்டுச்சூழ்ச்சி என்று பேராளர் அவையின் குழுவொன்று குற்றஞ்சாட்டி, 2023-இல் ஆவணங்களைக் கேட்டுச் சீரீசுக்கு அழைப்பாணை விடுத்தது. 2024 பிப்பிரவரியில் சே.பி. மார்கனின் முதலீட்டுப் பிரிவும், சிட்டேட்டு சிட்ரீட்டின் பிரிவும் விலகின. பிளாக்ராக்கு தன் அமெரிக்கத் தலைமையைப் பின்னிழுத்து அயல்நாட்டுக் கிளையை மட்டும் விட்டுவைத்தது. 2024 மார்ச்சில் கண்காணிப்பு ஆணையம் தட்பவெப்ப இடரை வெளியிடக் கட்டளையிடும் விதியை நிறைவேற்றியது. அடுத்த திங்களே வழக்குகளால் அதனை நிறுத்திவைத்தது. ஆட்சி மாறிய பின் 2025 மார்ச்சில் அவ்வழக்குகளில் தன் விதியைத் தானே காக்கப்போவதில்லை என்று கைகழுவியது. இரவல் தோளில் ஏறி நின்றவர்க்கு, தோள் விலகினால் நிலம்தான்.

மறுபடியும் எக்சானிடம் வருவோம். அங்கேதான் கதை தொடங்கிற்று. நெறிகளில் கையொப்பமிட மறுத்த அந்நிறுமம், 1989-லேயே ஒன்று செய்தது. ஓய்வூதிய வைப்பகங்கள் நெருக்கியதனால், உட்சு ஓல் கடலாய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்த சான் சிட்டீல் என்னும் கடலறிஞரைத் தன் ஆளுமைக்குழுவில் அமர்த்திற்று. ஏட்டில் எழுதிய நெறி பெறாததைப் பங்குடையோரின் நெருக்கடி பெற்றுத் தந்தது. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 2021 மேத் திங்கள் 26-இல், எஞ்சின் நம்பர் ஒன் என்னும் சிறு முதலீட்டு அமைப்பு, ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உடைமையை வைத்துக்கொண்டு, பெரிய ஓய்வூதிய வைப்பகங்களின் ஒப்போலையைத் திரட்டி, எக்சான்மோபில் ஆளுமைக்குழுவில் மூன்று இருக்கைகளைக் கைப்பற்றியது. வால்டெசு நெறிகள் ஒன்றே கேட்டன. 'கருதுவோம்' என்று அதனையும் தேய்த்தனர். ஒப்போலை மூன்று தந்தது.

எக்சான் இதனை மறக்கவில்லை. 2024 சனவரியில், கரிவளியை விரைந்து குறைக்கக் கோரும் தீர்மானத்தை ஆண்டுக் கூட்டத்துக்குக் கொணர்ந்த இரு முதலீட்டு அமைப்புகள்மீது, தன் பங்குடையோர்மீதே, தெக்சாசு வழக்குமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவர்கள் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றனர். எக்சான் வழக்கைத் திரும்பப் பெறவில்லை. அவ்விருவருள் ஒன்று அயல்நாட்டு அமைப்பு. அதன்மேல் தனக்கு ஆட்சியெல்லை இல்லை என்று கூறி மன்றம் அதனை விடுவித்தது. எஞ்சிய அமெரிக்க அமைப்பு, இனி எக்சானிடம் கரிவளி பற்றி இத்தகைய தீர்மானம் கொணர்வதில்லை என்று எழுதிக் கொடுத்தது. 1989-இல் பங்குடையோர் நிறுமத்தைப் பார்த்துக் கையொப்பமிடு என்றனர். இப்பொழுது நிறுமம் பங்குடையாரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டது. சூன் திங்களில் வழக்குமன்றம் வழக்கை முடித்தது.